உப்பு இரண்டு தடவை

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மறதி. தாத்தாவின் மறதிக்கு ராஜ மரியாதை. பாட்டியின் மறதிக்கு... சொல்கிறேன்.

தாத்தா, தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க்காக ரிடையர் ஆனவர். கையெழுத்து கல்வெட்டு மாதிரி இருக்கும். ஒரு நாள் பாங்கில் அவர் செக்கைத் திருப்பி விட்டார்கள். 'கையெழுத்து ஒத்துப் போகவில்லை!' அவ்வளவுதான். அப்பா லீவு போட்டார். சித்தப்பா சென்னையிலிருந்து பஸ் ஏறினார். ஒரே வாரத்தில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை. 'டிமென்ஷியா, ஆரம்ப நிலை' என்றார் டாக்டர். தெருவே வந்து விசாரித்ததில் ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் ஏழு சேர்ந்தது.

அதே வருஷம் பாட்டி சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். "தாத்தா மேல கோபம்" என்றார் அப்பா. குக்கர் பன்னிரண்டு விசில் அடித்துத் தீய்ந்தது. "காது டமாரம், கேட்டிருக்காது" என்றாள் அம்மா. என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதை நான் ஆபீஸ் கேன்டீனில் நடித்துக் காட்டி நல்ல பெயர் வாங்கினேன். அன்றைக்குச் சிரித்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நடித்தவன் நான்தானே!

இரண்டு வருஷம் போயிற்று. கோயிலுக்குப் போன பாட்டி, வீட்டுக்கு வழி தெரியாமல் பூக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. "பாட்டி, நூறுல ஏழு போனா எவ்வளவு? அதுல இன்னொரு ஏழு போனா?" என்றார்.

"எதுக்கும்மா ஏழு ஏழா போகணும்? யார்கிட்ட கடன்?" என்றாள் பாட்டி.

நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தப்பு பாட்டி மேல இல்ல சார், கேள்வி மேல" என்றார். 1975-இல் அமெரிக்காவில் தயாரான கேள்வித்தாளாம் அது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு மூளை நன்றாக இருந்தாலும் மார்க் குறையும். அதனால்தான் 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று இந்தியில் கேள்விகளை மாற்றி அமைத்தார்கள்.

டாக்டரம்மாவும் கேள்வியை மாற்றினார். "வத்தக்குழம்பு எப்படி வைக்கணும் பாட்டி?"

பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நல்லெண்ணெய் காயணும். கடுகு, வெந்தயம் போடணும். சுண்டவத்தலைப் போட்டுக் கருகாம வறுக்கணும். அப்புறம்..."

நின்றுவிட்டாள். கை மட்டும் காற்றில் கரண்டி பிடித்தபடி இருந்தது. என்னைப் பார்த்தாள்.

"அப்புறம்... இவன் சொல்லுவான்."

எனக்கு எங்கே தெரியும்? சாப்பிடத்தான் தெரியும்.

அன்றிரவு தூக்கம் வராமல் செல்போனை நோண்டினேன். 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று. அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்கிறது. ஆண்களில் 5.8, பெண்களில் 9. நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. வியாதிக்குக்கூட வேண்டியவர், வேண்டாதவர் உண்டு போலிருக்கிறது! 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய காரணங்கள் என்று பதினான்கைப் பட்டியல் போட்டது. படிப்பு இல்லாமை, காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை... இதையெல்லாம் சரிசெய்தால் உலகில் கிட்டத்தட்டப் பாதி டிமென்ஷியாவைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாமாம்.

பட்டியலைப் படிக்கப் படிக்கப் பாட்டியின் ஜாதகத்தைப் படிப்பது போலிருந்தது. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. காது மந்தமானபோது மெஷின் வாங்கித் தராமல் 'டமாரம்' என்று பட்டம் கொடுத்தோம். பி.பி. பார்த்ததே இல்லை.

தாத்தாவுக்குச் செக் இருந்தது, தப்பு உடனே தெரிந்தது. பாட்டிக்கு ஏது செக் புக்? அவள் கையெழுத்து சாம்பார்தான். அது ஒத்துப் போகாதபோது, 'என்ன ஆச்சு?' என்று கேட்க எங்கள் வீட்டில் ஒரு கவுன்ட்டர் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ அம்மாவோ இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, பி.பி. எவ்வளவு என்று பாருங்கள். பழகின சமையலில், தெரிந்த வழியில், பெயர்களில் தடுமாறினால் 'வயசாச்சு' என்று முடித்துவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பாட்டிக்கு இப்போது காது மெஷின் உண்டு, மாத்திரை உண்டு. போன ஞாபகம் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் வத்தக்குழம்பு வைக்கிறேன். பாட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. பி.பி. இருப்பதால் உப்பு ஜாடி என் கையில்.

"உப்புப் போட்டியாடா?"

"போட்டாச்சு பாட்டி."

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி, "உப்புப் போட்டியாடா?"

"போட்டாச்சு பாட்டி."

நேற்று ஏழு தடவை கேட்டாள். ஏழு தடவையும் சொன்னேன்.