தங்கிய தீர்த்தம்

தையல்நாயகியை மனத்தால் வணங்காமல் எந்த மருந்தையும் வாயில் இடாதவர் மயிலாடுதுறையைச் சேர்ந்த அந்த அம்மாள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கிய நாள் கிருத்திகையாக அமைந்துவிட்டது. வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார சுவாமிக்காக நாற்பது ஆண்டுகளாக இருந்துவரும் விரதத்தை விட மனமின்றி, வெறும் வயிற்றோடு மருத்துவமனைக்குச் சென்றார்.

அன்று குமட்டல் ஏதும் இல்லை. அடுத்த மூன்று நாட்களுக்கெனக் கொடுத்தனுப்பிய மாத்திரைகளை, "வாந்திதான் வரவில்லையே, வீணாக எதற்கு?" என்று ஒதுக்கி வைத்தார். மூன்றாம் நாள் காலை, கணவர் கொடுத்த தீர்த்தம் உள்ளே சென்ற வேகத்தில் வெளியே வந்தது, அதுவும் பூஜை அறையிலேயே. பகல் முழுதும் வாந்தி ஓயவில்லை. உடல் துவண்டதைவிடத் தீர்த்தம் தரையில் சிந்திய அபசாரமே அவரை அழவைத்தது.

சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தின் இயல்பு அது. ஏறிய சில மணி நேரத்தில் குடலின் உட்சுவரிலிருந்து செரடோனின் வெளிப்பட்டு, நரம்பின் வழியே மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டும். ஆன்டன்செட்ரான் அந்தச் செய்தியை மறிக்கிறது. ஆனால் 48 முதல் 72 மணி நேரத்தில் எழும் இரண்டாவது அலைக்குக் காரணம் பெரும்பாலும் வேறொரு பொருள். அதற்குத் தனி மருந்து வேண்டும். எல்லாமே வாந்தி வருமுன் விழுங்க வேண்டியவை. வந்தபின் அடக்குவது கடினம்.

ஒருமுறை பட்ட அவதியை உடல் மறப்பதில்லை. இரண்டாம் சுற்றுக்குச் சென்றபோது, மருத்துவமனை வாசலில் ஸ்பிரிட் வாசனை எட்டியதுமே அவருக்கு வயிறு புரட்டியது. மருத்துவர் முறையை மாற்றினார்: சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு அப்ரெபிடன்ட், உடன் டெக்சாமெதசோன், இரவில் ஓலன்சபின். ஓலன்சபின் மனநோய்க்கான மருந்தென்று கைபேசியில் படித்த மகன் பதறினான். குறைந்த அளவில் அது குமட்டலையும் தடுக்கும், தூக்கம் வரும் என்பதால்தான் இரவில் என்று விளக்கிய பிறகே அமைதியடைந்தான்.

விரதத்தை எண்ணி அம்மாள் மறுகியபோது, ஊர்க் கோயில் குருக்கள், "நோயாளிக்கு விரதக் கட்டாயம் கிடையாது அம்மா. வேளை தவறாமல் மாத்திரை போடுங்கள், அதையே நியமமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். உறவினர் கொண்டுவந்த திருச்சாந்துருண்டையை, வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் இந்நாட்களில் விழுங்க வேண்டாம் என்றார் மருத்துவர். அம்மாள் அதைக் கண்ணில் ஒற்றி அம்பாள் படத்தடியில் வைத்தார்.

மூன்றாம் சுற்றுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மாத்திரை வேளைகளை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார் கணவர். வீட்டில் தாளிப்பு நின்றது. சூடான உணவின் மணமே ஆகாது என்பதால் ஆறிய தயிர்சாதமும் நார்த்தங்காயும் சிறிது சிறிதாக.

மூன்றாம் நாள் காலை, காய்ச்சி ஆறவைத்த நீரையே நிவேதித்துத் தீர்த்தமாகக் கொடுத்தார் கணவர். கொடுத்துவிட்டு, கிண்ணத்தை ஏந்தியபடி கால் மணி நேரம் அருகிலேயே நின்றார். பிறகு அதை ஈரம் படாமலே அடுக்களைக்குக் கொண்டுபோய் வைத்தார்.