பிள்ளையின் கட்டுரையை யார் திருத்துவது?





சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரி வாசலருகே காத்திருந்தார். அவருடைய மகன் வருகிற ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறான். "எட்டாவது வரைக்கும் நானே சொல்லிக் கொடுத்துட்டேன் பாஸ்டர். இனிமே பயமா இருக்கு. எந்த ஆன்லைன் ஸ்கூல் நல்லதுன்னு நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க" என்றார். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம் சபைக் குடும்பங்களில் வேறு சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். நான் எந்தப் பள்ளியின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, அதன்பின் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மூத்த மகளுக்கு 12 வயதானபோது அவளுக்கு வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கினோம். கணிதமும் அறிவியலும் என் மனைவியின் பொறுப்பு. அவற்றில் விடை சரியா தவறா என்பது புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். ஆங்கிலக் கட்டுரை என் பொறுப்பு. அதற்குப் பின்பக்கம் இல்லை. ஜெபக்கூட்டம் முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினால், என் மேசைமேல் அவளுடைய தாள்கள் இருக்கும். நான் வாசித்து, இரண்டு எழுத்துப்பிழைகளைச் சுழித்து, 95 என்றோ 97 என்றோ போட்டு, ஓரத்தில் "மிகவும் நன்று" என்று எழுதிவிட்டுப் படுக்கச் செல்வேன். மூன்று ஆண்டுகள் இப்படியே நடந்தது.

அவளுக்கு 15 வயதானபோது, பிலாத்து குற்றவாளியா, கோழையா என்று ஒரு வாதக் கட்டுரை எழுதினாள். நான் 96 கொடுத்தேன். அதே கட்டுரையை, என் மனைவியின் வற்புறுத்தலினால், பணம் பெற்றுக்கொண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தரும் ஓர் இணையச் சேவைக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது: 71. முதல் பத்தியில் நிரூபிப்பதாகச் சொன்னதை மூன்றாம் பத்தியில் மறந்துவிட்டாய். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எங்குமே எண்ணிப் பார்க்கவில்லை. சான்று தரவேண்டிய இடத்தில் குரலை உயர்த்துகிறாய் என்று குறிப்புகள் இருந்தன.

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதருக்கு வேதம் தெரியாது என்று என் மனைவியிடம் சொன்னேன். மறுப்புக் கடிதம் ஒன்றும் எழுதத் தொடங்கினேன். அதற்காகக் கட்டுரையை மறுபடியும் வாசித்தபோதுதான், குரலை உயர்த்துவதாக அவர் கோடிட்டிருந்த வாக்கியங்கள் எங்கிருந்து வந்தவை என்று எனக்குப் புரிந்தது. அவை என்னுடைய பிரசங்க வாக்கியங்கள். மூன்று ஆண்டுகளாக என் மகளின் தாளில் நான் எனக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதையாவது ஒரு வேடிக்கை என்று விட்டுவிடலாம். இரண்டு நாள் கழித்து மகள் கேட்டதை விட முடியவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "அப்பா, இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

தெரியும். வாதம் நடுவில் அறுந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சொன்னால் முகம் வாடுமே என்று விட்டுவிட்டேன். அவளிடம் "தெரியும்மா" என்றேன். அன்றிரவு அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை.

1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். சிறுவன் சாமுவேல் அழைக்கப்பட்டதைப் பற்றியே பேசுவேன். 13ஆம் வசனத்தை வேகமாகக் கடந்துவிடுவேன். ஏலியின் மேல் கர்த்தர் வைக்கும் குற்றம் அவன் அறியாதிருந்தான் என்பதல்ல. தன் குமாரரின் தவறுகளை அறிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதே. ஆனால் அதே ஏலியின் கையில்தான் அன்னாளின் மகன் நன்றாக வளர்ந்தான். தன் பிள்ளைகளைத் திருத்த இயலாதவன் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நல்ல ஆசானாக இருந்தான். இன்னும் ஆச்சரியம், எட்டாம் அதிகாரத்தில் அந்தச் சாமுவேலின் குமாரரே பெயெர்செபாவில் பரிதானம் வாங்குகிறார்கள். இஸ்ரவேல் முழுவதையும் நியாயந்தீர்த்தவர் தம் வீட்டில் தடுமாறியிருக்கிறார். தகப்பனுடைய கண்ணில் ஏதோ ஒரு படலம் இருக்கிறது போலும்.

நாம் வாழும் டெக்சாஸில் இது வெறும் வீட்டு விவகாரம் அல்ல. 1994இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, வீட்டில் கற்பிப்பது தனியார் பள்ளி நடத்துவதற்குச் சமம். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் உண்மையான கருத்தோடு கற்பித்தால் போதும். அரசாங்கம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைப்பதில்லை. நான்கு ஆண்டு மதிப்பெண் பட்டியலைத் தயாரிப்பதும் பெற்றோர்தான். பட்டயத்தில் கையொப்பமிடுவதும் பெற்றோர்தான். கல்லூரி அதை வாசித்து நம்பவேண்டும். பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகற்கள் வைத்திருக்கலாகாது என்று உபாகமம் 25இல் வியாபாரிக்குச் சொல்லப்பட்ட கட்டளை இந்தத் தாளுக்கும் பொருந்தாதா? என் மகளின் பட்டியலில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு நான் 'ஏ' என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வாரம் அதை 'பி' ஆக்கினேன். உதவித்தொகை குறையுமே என்று மனம் அடித்துக்கொண்டது உண்மை.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். முழுப் பள்ளியும் வேண்டுமா, திருத்துவதற்கு ஒரு ஆள் மட்டும் வேண்டுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். கற்பிக்கத் தெரிந்த தாய்க்கு முழுப் பள்ளிக் கட்டணம் வீண்செலவு என்பது என் எண்ணம். வேதியியலோ கால்குலஸோ உங்களால் இயலாது என்றால், அந்த ஒரு பாடத்தை மட்டும் வாங்கலாம். பல இணையப் பள்ளிகள் தனிப்பாடமாகவும் தருகின்றன. குறித்த நேரத்தில் ஆசிரியர் நேரில் பேசும் வகுப்பா, பதிவுசெய்த பாடங்களைத் தானே பார்த்து முடிப்பதா என்று கேட்டறியுங்கள். தானாக எழுந்து படிக்காத பிள்ளைக்கு இரண்டாவது வகை பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில் கண்ணீராக முடிகிறது. நம் சபையிலேயே கண்டிருக்கிறேன்.

அங்கீகாரம் பெற்ற பள்ளி என்று விளம்பரம் சொன்னால், அங்கீகரித்தது யார் என்று பாருங்கள். கற்பனைப் பெயரில் தங்களுக்குத் தாங்களே முத்திரை குத்திக்கொள்வோரும் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்க எண்ணும் கல்லூரியையே கேட்டுவிடுவது நல்லது. ஏ.பி. என்ற பெயரை நாமே நம் பாடத்துக்குச் சூட்டிக்கொள்ள முடியாது. பாடத்திட்டம் காலேஜ் போர்டின் ஒப்புதல் பெற்றிருக்கவேண்டும். ஆனால் மே மாதத்தில் நடக்கும் ஏ.பி. தேர்வை வீட்டுப் பிள்ளைகளும் எழுதலாம். இடம்கொடுக்கும் பள்ளியை இலையுதிர் காலத்திலேயே தேடிப் பதிவுசெய்ய வேண்டும். 1 முதல் 5 வரை வரும் அந்த எண் நாம் போட்டதல்ல என்பதே அதன் மதிப்பு. எஸ்.ஏ.டி. தேர்வும் சமுதாயக் கல்லூரியில் எடுக்கும் ஒரு பாடமும் இதே வேலையைச் செய்யும்.

திருத்தும் சேவையிடம், ஏற்கெனவே திருத்திய ஒரு மாதிரித் தாளைக் காட்டும்படி கேளுங்கள். எண் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். வாசிப்பது மனிதரா இயந்திரமா என்றும் கேளுங்கள். திருத்தியதை மறுபடி எழுதி அனுப்பினால் இரண்டாம் முறை பார்ப்பார்களா என்பதும் முக்கியம், ஏனெனில் பிள்ளை கற்றுக்கொள்வது அந்த இரண்டாம் எழுத்தில்தான். 'கிறிஸ்தவ' என்ற சொல் பெயரில் இருக்கிறதென்று மட்டும் எதையும் தெரிந்துகொள்ளாதீர்கள். அவர்களுடைய விசுவாச அறிக்கையை வாசியுங்கள், அப்படியே அவர்கள் இயற்கணிதத்தை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பணம் கட்டியபின் பிள்ளையின் திரையை எட்டிப் பார்க்காத பெற்றோரும் உண்டு. அன்னாள் மகனைச் சீலோவில் விட்டாலும், வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அளவு தெரியாமல் தைத்திருக்க முடியாது.

கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஆகையால் வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின், மதிய உணவு முடிந்ததும், வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் கீழ் மண்டபத்தில் கூடுவோம். பிள்ளை அண்மையில் எழுதிய ஒரு கட்டுரையை, உங்கள் திருத்தம் எதுவும் இல்லாத நகலாக, கொண்டுவாருங்கள். என் இளைய மகனுடையதை நான் கொண்டுவருகிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஒருவர் பிள்ளையின் தாளை மற்றொருவர் வாசித்துத் திருத்துவோம். தாளில் பெயர் மட்டும் எழுதவேண்டாம்.