துளசி படித்துறையில் ஓர் ஆய்வுக்கூடம்

காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறாள். தெற்கே அசி, வடக்கே வருணை. இடையே மேற்குக் கரையில் ஏறத்தாழ 80 படித்துறைகள். தென்கோடியை அடுத்துள்ள துளசி படித்துறை, துளசிதாசர் வாழ்ந்து மறைந்த இடமாகப் போற்றப்படுவது. சங்கட மோசன அனுமன் ஆலயத்தின் மகந்தாக விளங்கிய வீரபத்ர மிஸ்ரா நாள்தோறும் நீராடியது இங்கேதான். அவரே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். மூழ்கி எழும் நீரில் கலந்திருப்பது என்னவென்று எண்களாலேயே அறிந்திருந்தும் அவர் நீராடலைக் கைவிடவில்லை. நீரைச் சோதிப்பதையும் கைவிடவில்லை.

1982ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய அறக்கட்டளை, பின்னர் அப்படித்துறையிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தது. கோயில் மணியோசை கேட்கும் தொலைவில் சோதனைக் குழாய்கள்!

அங்கு தேடப்படுவது மலக்குடலில் வாழும் கோலிஃபார்ம் நுண்ணுயிர். அதில் பெரும்பகுதி தானாக நோய் தருவதன்று. ஆனால் அது இருக்குமிடத்தில் டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் கிருமிகளும் உடன் வந்திருக்கக்கூடும். நீராடும் துறைகளில் 100 மில்லிலிட்டருக்கு 500க்குள் இருத்தல் நன்று, 2,500ஐத் தாண்டலாகாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். வருணை கலக்கும் இடத்தில் எண்ணிக்கை இவ்வரம்பைப் பன்மடங்கு கடந்ததுண்டு.

எண்ணிக்கை மட்டும் போதாது. எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. கால்வாய் கலக்கும் இடத்திற்கு மேலே ஒரு குப்பி, கீழே ஒரு குப்பி என நீர் எடுக்கின்றனர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே கால்வாயின் பங்கைக் காட்டிக்கொடுக்கும். யாத்திரிகர்கள் விடும் மலர்மாலைகளும் அகல்விளக்குகளும் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கலாம். கிருமிகளின் பெருங்கணக்கோ நகரத்துச் சாக்கடையினுடையது. பழியைப் பக்தர்மேல் சுமத்துவது எளிது, அவ்வளவே.

1986இல் காசியிலேயே தொடங்கப்பட்ட கங்கைச் செயல் திட்டத்தின் சுத்திகரிப்பு நிலையங்கள் மின்சாரப் பம்புகளை நம்பியிருந்தன. மின்சாரம் நின்றால் கழிவுநீர் நேரே ஆற்றில் இறங்கும். போதாக்குறைக்கு, அம்முறை கரிமக் கழிவைக் குறைத்ததே தவிர, நுண்ணுயிர்களைப் போதிய அளவு அழிக்கவில்லை. மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தானே ஓடும் குழாயும், வெயிலும் பாசியும் வேலை செய்யும் குளங்களும் போதும் என்று மிஸ்ரா வாதிட்டார். தாயை அழுக்கானவள் என்று சொன்னால் மக்கள் மனம் ஏற்காது, தாய்மேல் அழுக்கு கொட்டப்படுகிறது என்றால் ஏற்கும் என்பது அவர் எண்ணம். 2013இல் அவர் மறைந்தார். மகனும் பேராசிரியர், இன்றைய மகந்த். நீர்ச்சோதனை தொடர்கிறது.

பஞ்சதீர்த்த யாத்திரை செல்வோர் அசியிலும் வருணைக் கரையிலுள்ள ஆதிகேசவத்திலும் நீராடவேண்டும் என்பது மரபு. அசி இன்று பெரும்பாலும் சாக்கடை. அதன் முகத்துவாரமோ அசி படித்துறைக்குத் தெற்கே திருப்பிவிடப்பட்டுள்ளது. ஆதலால் அனுமன் படித்துறையிலும், குமரகுருபரர் மடம் அமைந்த கேதார படித்துறையிலும் நீராடும் தமிழ் யாத்திரிகரை நோக்கி அந்நீர் கரையோரமாகவே வருகிறது. கழிவுநீர் உடனே நடு ஆறு வரை பரவுவதில்லை. படகில் ஏறி ஆற்றின் நடுவே மொண்ட நீர், கரையில் மொண்டதைவிடப் பெரும்பாலும் தெளிவாக இருப்பது அதனால்தான்.