பெருங்குடிப் பையனும் 27-ஆம் ஓடுபாதையும்

மதுரைக்குத் தெற்கே, பெருங்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன பேசிக்கொண்டிருந்தாலும் விமானச் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். பார்க்காமலே, வருவது ஏடிஆரா ஏர்பஸ்ஸா என்று சொல்கிறவர்களும் உண்டு. இதில் என்ன கம்பசூத்திரம் என்கிறீர்களா? ஒன்று விசிறிச் சத்தம், இன்னொன்று ஜெட் சத்தம். அவ்வளவுதான்.

அப்படி ஒரு பையன். பி.காம். இரண்டாம் வருடம். ப்ளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்தபோது அவனுக்கு ஒரு விஷயம் தெரியாது. இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு பாடங்களையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மாதிரி ஓர் இடத்தில் தனியாக எழுதித் தேற வேண்டும். (காமர்ஸ், ஆர்ட்ஸ் மாணவர்களுக்காக இந்த விதியைத் தளர்த்தலாம் என்ற பேச்சு 2025-ல் அடிபட்டது.) அதற்கு மேல் 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் வேண்டும். அவன் அப்பாவுக்கு அவனியாபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பு. உலகம் முழுவதும் செயற்கைக்கோள் படத்தோடு இருக்கிறது, மதுரையும் இருக்கிறது. ஆனால் அதை ஓட்ட நல்ல பொட்டி வேண்டும்.

2024 மே மாதம் அப்பா சீட்டு எடுத்தார். 95,000 ரூபாய் கம்ப்யூட்டருக்கு என்று ஒதுக்கினார். எதற்கு என்று கேட்டபோது பையன் சொன்ன பதில்: "டேலி படிக்கப்பா."

இது முழுப் பொய் என்று சொல்லவும் முடியாது. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் பிசிக்கு நகல் இயந்திரங்கள் வந்தபோது, நகல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு மென்பொருள்களைப் போட்டுப் பார்ப்பார்களாம். ஒன்று லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை. இன்னொன்று 1982-ல் வந்த இதே ஃப்ளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு. கணக்குப்பிள்ளையும் விமானியும் அன்றைக்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான் :-)

சரி, பொட்டிக்கு வருவோம்.

முதலில் போன கடையில் கொடுத்த கொட்டேஷன் பார்க்க ஜோராக இருந்தது. ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 5 5500 பிராசஸர், 16 ஜிபி ராம். பணத்தில் பாதிக்கு மேல் கார்டுக்கே போயிற்று. "கேமிங்னா கார்டுதான் தம்பி, மத்ததெல்லாம் சும்மா" என்றார் கடைக்காரர். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அவர் சொன்னது சரிதான். பையனும் தலையாட்டிவிட்டு வந்தான்.

அந்த வாரம் அண்ணா நகரில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனான். அங்கே கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பொட்டி: பெரிய கார்டு, சின்ன பிராசஸர். சிமுலேட்டரில் மும்பை மேல் பறந்து பார்த்தார்கள். படம் விக்கி விக்கி ஓடியது. டெவலப்பர் மோடில் வேகம் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தால் 'மெயின் திரெட்' தான் தடை என்று காட்டுகிறது. கார்டு பாதி நேரம் சும்மா இருக்கிறது!

இது ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு பரோட்டாக் கடைக்குப் போனால் போதும். கல்லில் நிற்கிற மாஸ்டர்தான் பிராசஸர். இலை போட்டுப் பரிமாறுகிறவர் கிராபிக்ஸ் கார்டு. சுட்டு வந்தால்தானே பரிமாற முடியும்? மாஸ்டர் ஒருவராக இருக்கும்போது பரிமாற ஆள் எத்தனை சேர்த்தாலும் கூட்டம் குறையாது. சிமுலேட்டரில் விமானத்தின் இயக்கம், காற்று, கருவிகள், கீழே இருக்கிற ஊர் என்று ஏகப்பட்ட கணக்கு இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஒரே வரிசையில் நின்று முடிய வேண்டியது. நொடிக்கு 30 படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் 33 மில்லி செகண்டுதான். எட்டு கோர் இருந்தாலும் ஒரு கோரின் வேகம்தான் எல்லையைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மாஸ்டருக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் உருண்டை பிடித்த மாவு இருக்க வேண்டும். ஒவ்வொரு உருண்டைக்கும் பின்கட்டுக்கு ஓடினால் வேலைக்காகாது. பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம்தான் அந்த மாவுத் தட்டு. கொட்டேஷனில் இருந்த 5500-ல் எல்3 கேஷ் 16 எம்பி. 2024 ஜனவரியில் ஏஎம்டி அறிவித்த ரைசன் 7 5700எக்ஸ்3டி-யில் 96 எம்பி. சில்லின் மேலேயே இன்னொரு அடுக்கு கேஷை ஒட்டிச் செய்தது. எல்லா வேலைக்கும் இதனால் லாபம் இல்லை, ஆனால் ஃப்ளைட் சிமுலேட்டர் இந்த அடுக்கை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது.

ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகள் இரண்டு படத்துக்கு நடுவே தானாக ஒரு படம் வரைந்து சொருகும் வித்தையும் தெரிந்தவை. கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு தெரியும். ஆனால் ஸ்டிக்கைத் திருப்பினால் விமானம் பதில் சொல்லும் வேகம் அதனால் கூடாது. இறங்கும்போது அதுதானே முக்கியம்?

ஆக, பையன் பட்டியலை மாற்றி எழுதினான். 5700எக்ஸ்3டி பிராசஸர். கார்டு 4060 போதும், ஏனென்றால் திரை வீட்டில் இருக்கும் பழைய 1080பி டிவிதான். ராம் 32 ஜிபி. (2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்ததும் 32 ஜிபிதான்.) 1 டிபி எஸ்எஸ்டி. அந்த பிராசஸரோடு விசிறி வராது, தனியாக ஒரு டவர் கூலர் வாங்க வேண்டும். முகப்பில் வலை வைத்த கேபினட். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் காற்றே 38 டிகிரிக்கு வரும். அந்தப் பிராசஸரின் உச்ச வரம்பு 90 டிகிரி, அதைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயிலில் ஆவியாகிவிடும்.

காமர்ஸ் மாணவன் என்பதால் இன்னொரு கணக்கும் போட்டான். பாடத்தில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். 95,000 ஒரு வருடத்தில் 57,000, இரண்டு வருடத்தில் 34,200, மூன்று வருடத்தில் 20,520. பத்து வருடத்துக்கு வேண்டியதை இன்றைக்கே வாங்குகிறேன் என்று ஜல்லியடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

பட்டியலின் கடைசி வரி ஜாய்ஸ்டிக். அப்பா அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"டேலிக்கு இது எதுக்குடா?"

பையன் பதில் சொல்லவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பெருங்குடி, காமர்ஸ் குரூப், இயற்பியல், கணிதம், எல்லாம்.

"இதுல ஓட்டுனா அந்த எரநூறு மணி நேரத்துல சேருமா?"

"ஒரு நிமிஷம் கூட சேராதுப்பா."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் சீட்டுப் பணம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காகிதத்தைத் திருப்பிப்போட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"எத்தன வாட் இழுக்கும்?"

பிராசஸர் 105, கார்டு 115, மற்றவை ஐம்பது, டிவி ஒரு நாற்பது. 310. கடைக்காரர் இலவச இணைப்பு மாதிரிச் சொல்லியிருந்த யூபிஎஸ் 600 விஏ. "600 விஏ-ன்னா 600 வாட்டுனு நெனச்சியா? பவர் ஃபேக்டர் 0.6 போட்டா 360 வாட்டுதான் நிக்கும். லோடு கொஞ்சம் ஏறுனா கட் ஆயிரும். ஆயிரம் விஏ எழுது." காயில் கட்டுகிறவருக்கு அது பாலபாடம். இணையத்தில் ராத்திரி பகலாக மேய்ந்த பையனுக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை. அங்கே கரண்ட் போகிற ஊரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மோட்டாரும் கம்ப்ரஸரும் ஓடுகிற தெருவில் வோல்டேஜ் எப்படி ஆடும் என்பது அப்பாவுக்குத்தான் தெரியும். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்-ஐ அடித்துவிட்டு நல்ல 650 வாட் எழுதியதும் அவர்தான். ஜாய்ஸ்டிக்கை அவர் அடிக்கவில்லை.

பொட்டி வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம். பையன் சென்னையிலிருந்து கிளம்பி, கிழக்கே இருந்து 27-ஆம் ஓடுபாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தான். கீழே காய்ந்த கண்மாய்கள். வலது பக்கம் தூரத்தில் யானைமலை, முன்னால் திருப்பரங்குன்றம். அப்பா பின்னால் நின்று தன் கடை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

"எத்தன நிமிஷம் தாங்கும்?"

"அஞ்சு நிமிஷம் வரும்ப்பா."

"எறக்க எவ்வளவு நேரம்?"

"ரெண்டு."

"அப்ப பதறாம எறக்கு."