ஐசியூவுக்குள்ள ஒரு குயில்

உங்க வீட்ல யாராவது ஐசியூல இருந்திருக்காங்களா? அப்போ அந்தச் சத்தம் உங்களுக்கே தெரியும். மானிட்டர் பீப், வென்டிலேட்டர் அலாரம், நடுவுல யாரோ ஸ்டீல் ட்ரேயைக் கீழே போடுவாங்க. சிகிச்சை அறையில் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. எங்க ஆயா பெட் பக்கத்துல நின்னு போன் ஆப்ல பார்த்தேன், 60க்கு மேல காட்டுச்சு. (போன் மைக் துல்லியம் இல்லைதான். அதுக்காக 25 டெசிபலா தப்பு காட்டும்?)

ஈசிஇ படிக்கிற நமக்கு நாய்ஸ்னா ஃபில்டர் போட்டா முடிஞ்சுது. உடம்புக்கு அந்த வசதி இல்ல. எப்போ, எங்கிருந்து வரும்னு தெரியாத சத்தத்தை அது ஆபத்துன்னே எடுத்துக்குது. துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுது. வாயில ட்யூப் இருக்கிறவங்களால "பயமா இருக்கு"ன்னு சொல்லவும் முடியாது.

2013ல் ஈரான் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. வென்டிலேட்டரில் இருந்த 60 பேரில் ஒரு பிரிவினருக்கு 90 நிமிடம் இயற்கை ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நேரம் ஆக ஆக அவர்களுடைய பதற்றமும் ரத்த அழுத்தமும் குறைந்தன. நிறுத்தி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் இருந்தது.

டாக்டர்கிட்ட கேட்டோம். சவுண்ட் கம்மியா, சாயந்தரம் மட்டும்னு ஓகே சொன்னார். யூட்யூப்ல கிடைச்சதெல்லாம் ஏதோ வெளிநாட்டுக் காடு. மாதவரத்தைத் தாண்டாத ஆயாவுக்கு அது என்ன இயற்கை? "விடியக்காலைல பால் பண்ணைப் பக்கம் போய் எடுடா"ன்னாங்க அம்மா. போனேன். குயில், காக்கா, தூரத்துல ஒரு மாடு. ஆனா ட்ரெய்லர் ஹாரன் இல்லாம பத்து நிமிஷம் கிடைக்கிறதே பெரும்பாடு. ஹாரனை எல்லாம் வெட்டினேன். லாரி உறுமலை மட்டும் அம்மா விடச் சொன்னாங்க: "அது இல்லன்னா மாதவரம்னே அவங்களுக்குத் தெரியாது."

முதல் நாள் 112ல இருந்த பல்ஸ் 101க்கு வந்துச்சு. மறுநாள் அசையவே இல்ல. மூணாவது நாள் 96. மயக்க மருந்தும் போயிட்டிருந்ததால இதை ரிசல்ட்னு நான் எங்கயும் காட்ட மாட்டேன். ஆனா ட்யூபைப் பிடுங்காம இருக்க ஆயாவோட கையைக் கட்டி வெச்சிருந்தாங்க. நாள் பூரா அதை இழுத்துட்டே இருப்பாங்க. குயில் ஓடுறப்போ இழுக்கல. அதை நாங்க மூணு பேரும் பார்த்தோம்.

ஆயா இப்போ வீட்ல. உங்களுக்கு எப்பவாவது தேவைப்பட்டா டாக்டர்கிட்ட கேட்டுட்டு, உங்க தெருவுக்கே போய் ரெக்கார்ட் பண்ணுங்க. அஞ்சு மணிக்கு முன்னாடி போங்க, அப்புறம் லாரி அதிகம்.