கம்பு சுற்றிய கிண்ணம்

கம்பு உடையவில்லை, சுற்றியது. பளபளவென்றிருந்த பெரிய கிண்ணத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ராட்டினத்தில் ஏறிய பிள்ளைகள் இறங்க மனமில்லாமல் சுற்றுவதுபோல ஐந்து நிமிடம் சுற்றியது. நிறுத்தி மூடியைத் திறந்தேன். ஒரு கைப்பிடியில் நாலைந்து மணிதான் உடைந்திருந்தது. மீதியெல்லாம் முழுசாக, தொட்டால் வெதுவெதுப்பாக. கிண்ணத்தின் உட்புறம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கிப்போயிருந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை தலையை நீட்டி, "என்ன கண்ணு, ஆலங்கட்டி மழையாட்டம் சத்தம் கேக்குது?" என்றார்.

11,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஃபுட் பிராசசர். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்த வாரத்தில் வாங்கியது. தட்டில் பாதி காய் இருக்கட்டும், தீட்டிய அரிசியைக் குறைத்துக் கம்பு, சாமை, முழுப்பயறு என்று மாறுங்கள் என்று டாக்டர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வரியைச் சமைக்க எத்தனை மணி நேரமாகும் என்பது அவர் கணக்கில் வராது. பாதித் தட்டுக் காய் என்றால் நாலு பேருக்கு ஒரு வேளைக்கே ஒரு கிலோவுக்கு மேல் நறுக்க வேண்டும். எனக்கோ வலது மணிக்கட்டில் பழைய வலி. ஈரோட்டுக் கடையில் விற்பனைப் பையன் ஒரு காரட்டை மூன்று நொடியில் துருவிக் காட்டி, "இதுல ஆகாத வேலையே இல்லீங்க்கா" என்றான். கிண்ணம் ஒன்று, ஜார் மூன்று, தட்டு ஏழு. கம்பு உடைக்குமா என்று கேட்டேன். "எல்லாம் உடைக்குங்க."

பையன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அவன் வீட்டில் யாரும் கம்பு உடைத்திருக்க மாட்டார்கள். அன்றிரவு கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படங்களில் காரட், முட்டைக்கோஸ், வெள்ளரி, உருண்டையாகப் பிசைந்த மாவு. தானியம் ஒன்றுகூட இல்லை. எந்த ஊர் அடுப்படியைப் பார்த்து இந்தக் கிண்ணத்தை வடிவமைத்தார்கள், யாருடைய கைவலிக்கு இது மருந்தாக வந்தது என்ற கேள்வி அப்போது பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு மாதம் விடவில்லை.

விடை பிரான்சில் இருந்தது. பியேர் வெர்தோன் என்பவர் உணவகங்களுக்கும் பெரிய சமையலறைகளுக்கும் சாமான் விற்றுக்கொண்டிருந்த விற்பனையாளர். போகிற இடத்திலெல்லாம் ஆட்கள் நறுக்குவதிலும் துருவுவதிலும் கலப்பதிலும் பொழுதைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறார். அடியில் கத்தி சுழலும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான் அவர் கண்டது. 1960களின் தொடக்கத்தில் பர்கண்டிப் பகுதியில் அது ஒரு நிறுவனமாயிற்று. பெயர் ரோபோ-கூப். 'கூப்' என்றால் பிரெஞ்சில் வெட்டு. வெட்டுகிற ரோபோ என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான்தான் படிக்காமல் கம்பைக் கொட்டியிருக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சித்தாந்தமே உருவாகிவிட்டது. நம் அடுப்படியில் இரண்டு குலம். அரிவாள்மணை ஒரு குலம், கல் இன்னொரு குலம். அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை எல்லாம் கல் வீட்டுப் பங்காளிகள். ஃபுட் பிராசசர் அரிவாள்மணை வழி வந்தது, அதனிடம் போய்க் கல்லின் வேலையைக் கேட்டால் நடக்காது. சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மெஷின் அட்லாண்டிக்கைக் கடந்த கதையைப் படித்ததும் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கடத்தியவர் கார்ல் சோன்ட்ஹைமர். அமெரிக்கர், எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், சிறுவயதை பிரான்சில் கழித்தவர், சமையல் பைத்தியம். 1971இல் பாரிஸ் கண்காட்சி ஒன்றில் ரோபோ-கூப்பைப் பார்த்து, சில மெஷின்களோடு கனெக்டிகட்டுக்குத் திரும்பினார். பிரித்து, மாற்றி, வீட்டில் வைத்துப் புழங்கத் தோதான பாதுகாப்பு ஏற்பாடுகள் சேர்த்து, 1973இல் சிகாகோ வீட்டுச் சாமான் கண்காட்சியில் குசினார்ட் என்ற பெயரில் வைத்தார். முதலில் சீந்துவார் இல்லை. பிளெண்டரைவிடப் பல மடங்கு விலை விற்கிற இது எதற்கு என்று வியாபாரிகள் நினைத்தார்கள். ஜூலியா சைல்டு, ஜேம்ஸ் பியர்டு, கிரெய்க் கிளெய்போர்ன் போன்ற சமையல் எழுத்தாளர்கள் கையில் எடுத்த பிறகுதான் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

சோன்ட்ஹைமர் இந்த மெஷினில் மயங்கியதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: கெனெல். மீன் சதையை மசிய இடித்து, முட்டையும் கிரீமும் சேர்த்து, நீள்வட்டமாக உருட்டி வேகவைக்கும் பிரெஞ்சுப் பலகாரம். கிட்டத்தட்ட மீன் கொழுக்கட்டை. அந்தச் சதையைப் பழைய நாளில் கல்லுரலில் இடித்து, சல்லடையில் தேய்த்து இறக்குவார்கள். அப்படியானால் இந்தக் கிண்ணம் பிரான்சில் உரலையும்தானே ஓரங்கட்டியிருக்கிறது? என் இரண்டு குலக் கணக்கு என்ன ஆனது?

இரண்டு நாள் யோசித்துத்தான் பிடிபட்டது. அவர்கள் உரலில் போட்டது மீன். நாம் போடுவது கம்பு, மிளகாய் வற்றல், கொத்தமல்லி விதை, எங்கள் ஊரானால் விரலி மஞ்சள். காய்ந்த விரலி மஞ்சளைக் கையால் ஒடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தியா கல்லா என்பதைவிட, உள்ளே போகிற பொருள் ஈரமா, காய்ந்ததா, கத்திக்கு நின்று கொடுக்குமா, தெறித்து ஓடுமா என்பதுதான் கேள்வி. ஈரமும் கனமும் உள்ளது கிண்ணத்தில் புரண்டு திரும்பவும் கத்தியிடமே வந்து விழுகிறது. காய்ந்த சிறுமணி தெறித்துப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது.

இதே முட்டுச்சந்தில் ஒருவர் பம்பாயில் முட்டி நின்றிருக்கிறார். மாதுரி மாத்தூர். வெளிநாட்டு பிரான் மிக்சர் ஒன்று வைத்திருந்தார். நம் அரைவைக்கு அது தாங்கவில்லை, பழுதாகிவிட்டது. கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் பொறியாளர். நம் சமையலுக்கு ஈடுகொடுக்கிற மெஷினாக ஒன்று செய்யச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறார் மாதுரி. 1963இல் சுமீத் மிக்ஸி வந்தது. வெர்தோன் நறுக்குகிறவர்களைப் பார்த்துச் செய்தார், மாத்தூர் அரைக்கிறவரின் ஏச்சைக் கேட்டுச் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். மிக்ஸி ஜாரை எடுத்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். குறுகல். சுவரில் மேலிருந்து கீழாக முட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். சுற்றி ஓடப் பார்க்கும் மணியை முட்டித் திருப்பிக் கத்தியிலேயே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. மோட்டாரும் வேறு ரகம். கார்பன் பிரஷ் வைத்த மிக்ஸி மோட்டார் சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு 18,000 சுற்றையும் தாண்டும். குசினார்ட் வகைக் கிண்ணத்தின் அடியில் இருந்த இண்டக்‌ஷன் மோட்டார் 1,700ஐ ஒட்டித்தான் சுற்றும். முன்னது பதறியடித்து ஓடும், பின்னது நிதானமாக இழுக்கும்.

அந்தப் பதற்றத்துக்கு விலை உண்டு. உங்கள் மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு சீட்டு இருக்கும். 30 நிமிட ரேட்டிங், 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு என்று பலவற்றில் போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஓவர்லோடு சுவிட்ச், சின்னச் சிவப்புப் பொத்தான். எங்கள் அம்மா வீட்டுக்கு முதல் மிக்ஸி வந்தபோது ஆத்தா சட்னியை நாக்கில் வைத்துப் பார்த்து, "கரண்டு வாசம் அடிக்குது" என்று தட்டைத் தள்ளிவிட்டார். சிரித்தோம். சூடேறிய தேங்காயின் வாசத்தைத்தான் அவர் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

சூடேறாமல் அரைக்க வேண்டும் என்றால் கல்லுக்கு வந்துதானே ஆகவேண்டும்? மாவாட்டும் கிரைண்டர் கோயம்புத்தூரின் பிள்ளை. 1955இல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு சேர்த்தார் என்பது பதிவில் இருக்கும் செய்தி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இதன் கல் ஊத்துக்குளியிலிருந்து போகிறது. ஈரோட்டில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஊத்துக்குளி. ஒரு வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். வெண்ணெய் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அந்த ஊரில் அதற்கும் பெயர் இருப்பது சௌகரியமாகப் போயிற்று.

கொட்டகை முழுக்க வெண்தூசி. பெரியவர் ஒருவர் கால்களை நீட்டி உட்கார்ந்து, இரண்டு தொடைக்கும் நடுவில் கூம்பு வடிவக் குழவியை இடுக்கிக்கொண்டு உளி வைத்துக் கொத்திக்கொண்டிருந்தார். ஓர் அடி, குழவியை ஒரு நெல் அகலம் திருப்பல், இன்னோர் அடி. கண் எங்கேயோ பார்க்கிறது, கை தப்பவில்லை. பக்கத்தில் இருந்த முடிந்த கல்லைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பூனை நாக்கு மாதிரி இருந்தது.

"இந்தக் கொத்து நிக்கிற வரைக்குந்தான் அம்மணி அரைக்கும். வழவழன்னு ஆயிருச்சுன்னா மாவு வழுக்கும்."

வழுக்கும் என்றதும் என் கிண்ணத்தின் சுவர் நினைவுக்கு வந்தது. தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு போனவர்கள் விற்றதும் இந்தச் சொரசொரப்பைத்தான். கம்பு விஷயத்தைச் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தண்ணி தெளிச்சு உரல்ல குத்தோணும். மொறத்துல பொடைச்சு உமிய ஊதோணும். அப்பறந்தான் ஒடைக்கோணும். மூணு வேலைங்க. ஒரு பொத்தான அமுத்திப்போட்டு மூணையும் கேட்டீங்கன்னா அது என்ன பண்ணும் பாவம்?"

வெண்ணெயும் வாங்கிக்கொண்டேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கிண்ணத்தில் கீறல் விழுந்திருக்கிறது, எடுக்கமாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள் என்பதும் ஒரு காரணம். ஆனால் இப்போது அதனிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். முட்டைக்கோஸ், பீன்ஸ், வெங்காயம், பீட்ரூட், பூசணித் துருவல் அதன் வேலை. தவிடு நீக்காத கோதுமை மாவை ஒன்றரை நிமிடத்தில் பிசைந்து உருட்டிவிடுகிறது. வேகவைத்த கொண்டைக்கடலையை மசிக்கிறது. வறுத்த நிலக்கடலையைப் போட்டுப் பொறுமையாக ஓட்டினால் முதலில் தூள், பிறகு கட்டி, பிறகு தானே எண்ணெய் விட்டு வெண்ணெயாகிறது. மசாலாவும் சட்னியும் மிக்ஸிக்கு. உளுந்தும் சாமையும் கிரைண்டருக்கு. கம்பும் மஞ்சளும் மில்லுக்குப் போகின்றன. 2011இல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று கொடுக்கத் தொடங்கியபோது மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் இடையில் ஒன்றைக் கழிக்கத் துணியவில்லை என்பதைக் கவனித்தால், அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் வீட்டிலும் யாரோ மாவாட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள் என்பேன். காரட்டைத் துருவிக் காட்டாதே, அரைக் கிலோ கோதுமை மாவைப் பிசைந்து காட்டு என்று கடையில் கேளுங்கள். மெஷின் நடனமாடினால் வேண்டாம். காய் நுழையும் குழாய் ஒரு முழு உருளைக்கிழங்கை விழுங்காவிட்டால், அதற்குள் போடுவதற்காகவே நீங்கள் தனியாக நறுக்க வேண்டியிருக்கும். கத்தியைக் கையில் வாங்கி இணைப்புகளைப் பாருங்கள். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறக்குறைய 80 லட்சம் குசினார்ட் மெஷின்களின் கத்திகளைத் திரும்ப அழைத்தார்கள், ரிவெட் அடித்த இடத்துக்கு அருகில் விரிசல் விட்டு உலோகத் துணுக்கு சாப்பாட்டில் விழுந்ததால். கிண்ணமும் மூடியும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

வாழைத்தண்டு வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் வீட்டில் உண்டு. போன வாரம் அதையும் குழாயில் விட்டேன். நார் கத்தியின் தண்டில் சிண்டு மாதிரி சுற்றிக்கொண்டது, கத்தரிக்கோல் வைத்து வெட்டி எடுத்தேன். அத்தை எதுவும் சொல்லவில்லை. நேற்று அவரே அரிவாள்மணையை எடுத்துப்போட்டு உட்கார்ந்தார். வட்டம் வட்டமாகத் தண்டை அரிவதும், ஒவ்வொரு வட்டத்துக்கும் வருகிற நாரை ஆள்காட்டி விரலால் சுற்றி இழுப்பதும் ஒரே ஓட்டமாக நடந்தது. விரலில் வெள்ளை மோதிரம் மாதிரி நார் தடித்துக்கொண்டே போனது. நான் மெஷினில் முட்டைக்கோஸ் போட்டேன். இருபது நொடி. நிமிர்ந்து ஜெயித்த சிரிப்பொன்று சிரித்துவிட்டு, கிண்ணம், மூடி, குழாய்க் குச்சி, தட்டு, தண்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன்.

அத்தை விரலிலிருந்து நாரை உருவி எறிந்துவிட்டு, அரிவாள்மணையை ஒரு துடைப்புத் துடைத்துச் சுவரில் சாய்த்தார். "கழுவி முடிச்சாச்சா கண்ணு?" என்றார்.