றொசல்லையில் மழைக்கால ஆயத்தம்

மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலே நாவலப்பிட்டியைக் கடந்து மேலேறுவோர், வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையில் றொசல்ல என்னும் சிறியதொரு நிலையத்தைக் காண்பர். அட்டன் வரையிலான இருப்புப்பாதை 1884 ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தது. தோட்டத்து விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென வெள்ளைத் துரைமார் வகுத்த வழி, இன்று சுற்றுலாப் பிரயாணிகள் சாளரத்தினூடே பச்சை மலைகளைப் படம் பிடிக்கும் வழியாகவும் விளங்குகின்றது. ஆயினும் அப்படங்களிலே மழை இடம்பெறுவது அரிது. மழையை அறியாமல் றொசல்லையை அறிதல் இயலாது.

இப்பகுதி இலங்கையின் மிக ஈரமான பிரதேசங்களுள் ஒன்று. அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர், அதாவது 200 அங்குலம். யாழ்ப்பாணத்திலே பெய்வதைப் போல இது ஏறக்குறைய நான்கு மடங்காகும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலே மோதத் தொடங்கினால், செப்டெம்பர் வரை மலைகள் முகிலுக்குள்ளேயே கிடக்கும். துணி உலராது; உப்பு கசியும்; சுவர் வியர்க்கும். இத்தகைய ஊரிலே மழைக்கு முன் வீட்டை ஆயத்தம் செய்தல் என்பது வாழ்க்கையின் ஓர் அங்கமாகவே அமைந்துவிட்டது.

வீடு என்றேன். பலருக்கு அது இன்னும் லயத்துக் காம்பராதான். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒடுங்கிய நிலத்திலே, ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு அறைகள். முன்னே ஓர் இஸ்தோப்பு. பின்னே வெட்டப்பட்ட மண்சுவர். இடையிலே தண்ணீர் வடிந்தோட ஒரு கான். அந்தக் கானின் அகலம் இரண்டு அடியாக இருக்கலாம். ஆனால், அதிலேதான் அங்குள்ளோர் அனைவருடைய பாதுகாப்பும் அடங்கியுள்ளது.

அத்தகைய லயமொன்றிலே, கொழுந்தெடுத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவரிடம் ஆயத்தங்களைப்பற்றி வினவினேன். சித்திரைப் பிறப்பு முடிந்தவுடனே வேலை தொடங்கிவிடுமாம். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு சுமந்து வந்து, அடுப்புக்கு மேலுள்ள பரணில் அடுக்கவேண்டும். கீழே எரியும் நெருப்பின் சூட்டிலே மேலேயுள்ள விறகு உலர்ந்துவிடும். கூரைத் தகரத்தின் ஆணித் துளைகளைத் தார் பூசி அடைக்கவேண்டும்; காற்று கிளப்பாதபடி மண்மூட்டை ஏற்றவேண்டும். இவையெல்லாவற்றுக்கும் முன்னே கானைத் தோண்டித் துப்புரவாக்கவேண்டும். “தண்ணிக்கு நாம வழி விட்டாத்தான் தண்ணி நமக்கு வழி விடும், சேர்” என்றார் அவர். நீரியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அத்தாய் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இக்காலத்தில் விறகடுப்பின் அருகே எரிவாயுச் சிலிண்டரும் பல காம்பராக்களில் இடம் பிடித்துள்ளது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எரிவாயு கிடைக்காது நாடே வரிசையில் நின்றபோது, மிலாற்றைக் கைவிடாத குடும்பங்கள் சமாளித்துக்கொண்டன. ஆகவே இரண்டையும் வைத்திருப்பது விவேகமே. ஆனால் இரண்டின் குணங்களையும் அறிந்திருத்தல் அவசியம்.

சிலிண்டரிலுள்ளது புரொப்பேன், பியூற்றேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை செல்சியசிலும் கொதித்து ஆவியாகும். பியூற்றேனோ ஏறக்குறைய பூச்சியத்திலேதான் கொதிக்கும். ஆதலால் குளிர் மிகுந்த விடியற்காலையிலே, பாதி தீர்ந்த சிலிண்டரின் சுவாலை சோர்ந்து எரிவதைக் காணலாம். அதற்காகச் சிலிண்டரை அடுப்பருகே நகர்த்திச் சூடேற்றுவது பேராபத்து. 2021 ஆம் ஆண்டின் இறுதியிலே நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்தபோது, இவ்விரு வாயுக்களின் விகிதமே பெரும் விவாதத்துக்குரியதாயிற்று. இவை காற்றிலும் கனமானவை என்பதையும் மறத்தலாகாது. கசியும் வாயு மேலெழுந்து போகாமல் தரையிலே தங்கும். சிலிண்டரை நிமிர்த்தியே வைத்தல், இணைப்புகளிலே சவர்க்கார நுரை பூசிக் குமிழி எழுகின்றதா எனப் பார்த்தல், இரவிலும் வீட்டை விட்டு வெளியேறும்போதும் வால்வை மூடுதல் ஆகிய மூன்றும் சிறு பிள்ளைகளும் பழகவேண்டிய பாடங்கள்.

நம்மவர் பலர் குடியேறியுள்ள கனடாவின் நாட்டுப்புறங்களிலே, வீடு முழுவதையுமே புரொப்பேன் கொண்டு வெப்பமூட்டுவோர் உளர். முற்றத்தில் நிற்கும் பெருந் தாங்கியைப் பனிப்புயல் வருமுன்னரே நிரப்புவிப்பர். புகைபோக்கும் குழாயின் வாயைப் பனி அடைத்துவிடாதபடி அடிக்கடி துப்புரவு செய்வர். அடைபட்டால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வீட்டினுள்ளே நிறையும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கவரும். இவ்விதி றொசல்லைக்கும் பொருந்தும். துரைமார் பங்களாவுக்குக் கணப்படுப்பும் புகைபோக்கியும் கட்டியவர்கள், லயத்துக் காம்பராவுக்கு அவ்வசதியை அளிக்கவில்லை. குளிருக்குப் பயந்து, கதவு சன்னல்களை இறுக அடைத்துவிட்டுக் கரித்தணலைச் சட்டியிலிட்டு அருகே வைத்துக்கொண்டு உறங்குதல் ஒருபோதும் ஆகாது. சிறிது குளிர் புகுந்தாலும் காற்றுக்கு ஒரு வழி இருக்கவேண்டும்.

இம்மட்டில் கனடாவும் றொசல்லையும் ஒன்று. வேறுபாடு யாதெனில், அங்கே ஒரு குடும்பம் தன் தாங்கியையும் தன் கூரையையும் கவனித்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். இங்கேயோ கூரையும் ஒன்று, கானும் ஒன்று. முதலாம் காம்பராக்காரர் தம் பின்புறத்தை எவ்வளவு துப்புரவாக வைத்திருப்பினும், ஆறாம் காம்பராவின் பின்னே கான் தூர்ந்திருந்தால் தண்ணீர் எல்லோருடைய சுவரையும் அரிக்கும். லயத்திலே தனி வீட்டு ஆயத்தம் என்று ஒன்று இல்லை. இருப்பது கூட்டு ஆயத்தமே.

மேலும், பஞ்சாங்கத்தை மட்டும் நம்பி ஆயத்தம் செய்யும் காலமும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 28 ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்த டித்வா புயல், தென்மேற்குப் பருவம் ஓய்ந்து வெகுநாட்களுக்குப் பின்னரே வந்தது. மலைநாடெங்கும் மண்சரிவுகள் நிகழ்ந்தன. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே, மழை எப்போது வரும் என்பதோடு, எவ்வளவு பெய்துள்ளது என்பதையும் நாம் கணக்கிடப் பழகவேண்டும்.

மாணவர்களே, இது உங்களால் ஆகக்கூடிய காரியம். பக்கங்கள் நேராக உள்ள பால்மாப் பேணி ஒன்றை, கூரைக்கும் மரத்துக்கும் விலகித் திறந்த வெளியில் அசையாமல் நிறுத்துங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து குறித்துவிட்டு, நீரை ஊற்றிவிடுங்கள். பெருமழை நாளிலே இடையிடையேயும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரைப்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிடல் வேண்டும். நிலத்திலே புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, புதிதாகப் பொங்கும் கலங்கல் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவுக்காகக் காத்திராமல் உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

கையோடு எடுத்துச் செல்லும் பையிலே மருந்தும் மின்சூழும் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் பொலித்தீனில் சுற்றியபடி இருக்கட்டும். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை இழந்து, எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அதனைப் பெற்ற ஒரு சமூகத்துக்குக் காகிதத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவு ஆயத்தங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க நிலம் இருக்கவில்லை. கானைத் தோண்டுவது குடும்பத்தின் கடமை. ஊரைச் சேர்த்து மழையை அளப்பது மாணவரின் கடமை. சரியாத நிலத்திலே, சொந்த உறுதியோடு ஒரு வீட்டை அமைத்துத் தருவதோ தோட்ட நிருவாகத்துக்கும் அரசுக்கும் உரிய கடமை. முதலிரண்டையும் மலையக மக்கள் செய்து வருகின்றார்கள். மூன்றாவதும் நிறைவேறும் நாளிலேதான் றொசல்லையின் மழையை அங்குள்ளோரும் சாளரத்தினூடே அச்சமின்றிப் பார்த்து மகிழ்வர்.